முன் வரிசையில் உட்காரச் சொன்னாள்

கூப்பிடட்டும். அவனாக எழுந்து வந்து கூப்பிடட்டும், அதுவரைக்கும் இந்த நாற்காலியை விட்டு நான் அசையப் போவதில்லை. தனபால் அந்தப் பக்கம் நடைவழியை ஒட்டி உட்கார்ந்திருக்கிறான், நான் இந்தப் பக்கம் சுவரோரம், இரண்டு பேரும் முன் வரிசை, நடுவே நாலைந்து பிளாஸ்டிக் நாற்காலிகள். மனசிருந்தால் எழுந்து வர எவ்வளவு நேரம் ஆகும். 'வாங்க மாமா' என்று ஒரு சொல். மருமகன் மாமனாரைப் பார்த்துச் சொல்லக்கூடாத சொல்லா அது. புது வீடு குடி போன அன்றைக்குச் சொல்லாமல் விட்டான், இன்றைக்குச் சொல்லத்தான் வரச் சொல்லியிருக்கிறான், இல்லாவிட்டால் சுகந்தி எதற்கு அவள் அம்மாவிடம் அப்படி அழுத்திச் சொல்ல வேண்டும். சரசாதான் என் வலது காதுப் பக்கம் வந்து நின்று, "ஏனுங்க, ஞாயித்துக்கெழம சாயங்காலம் அவங்க காலனிச் சமுதாயக் கூடத்துல சுகந்தி ஆடறாளாமுங்க. அப்பனக் கண்டிப்பா வரச் சொன்னா. முன்னால ஒக்காரோணுமாம்" என்றாள். கல்யாணம் பண்ணிக் கொடுத்த பிள்ளைக்கு என்ன ஆட்டம் என்று கேட்டேன். "கும்மிதானுங்க. இப்ப ஊரூருக்கு அதானே ஆடறாங்க." மாப்பிள்ளை வருகிறானா என்றேன். "வருவாருங்க." அவன் சொல்லித்தான் அவள் கூப்பிட்டாளா என்றேன். அடுப்பில் என்னமோ தீய்கிறதென்று போய்விட்டாள். எனக்கு அது போதுமாக இருந்தது. தூது விட்டிருக்கிறான், நேரில் வர வெட்கம், நாலு பேர் கூடின இடத்தில் வந்து கையைப் பிடித்துக்கொண்டால் முடிந்தது என்று நினைத்திருக்கிறான், அதுவும் ஒரு வழிதான். கஞ்சி போட்ட வேட்டியை எடுத்துக் கட்டினேன். ஆப்பிளும் மாதுளையும் வாங்கிப் பையில் போட்டுக்கொண்டேன், வெறுங்கையோடு மகள் வீட்டுக்குள் போகக்கூடாது, ஆட்டம் முடிந்து எப்படியும் வீட்டுக்கு வாங்க என்பான். பை நாற்காலிக்கடியில் இருக்கிறது. ஆனால் அவன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பக்கத்தில் இருப்பவனிடம் என்னமோ சொல்லிச் சிரிக்கிறான். நல்ல சட்டை, நல்ல நிறம், எப்போதும் துணிமணியில் சுத்தம், அதில் குறை சொல்ல முடியாது. என்னைப் பார்க்காதது போலப் பார்த்துவிட்டான், எனக்குத் தெரியும், அப்படிப் பார்ப்பது எப்படி என்று எனக்கும் தெரியும், நானும் அதைத்தான் செய்துகொண்டிருக்கிறேன்.

பெண்கள் பக்கம் சரசா எங்கேயோ உட்கார்ந்திருக்கிறாள், இங்கிருந்து தலை தெரியவில்லை. அவள் அந்த வீட்டுக்குப் போவாள் வருவாள், நான் தடுத்ததில்லை. நான்தான் வாசப்படி மிதிப்பதில்லை. மிதிக்க வேண்டுமானால் அவன் வெற்றிலை பாக்கோடு வந்து கூப்பிட வேண்டும். புது வீடு குடி போன அன்றைக்கு அந்த வெயிலில் நானும் சரசாவும் பஸ்ஸை விட்டு இறங்கிச் சீர்த்தட்டைத் தலையில் வைக்காத குறையாகச் சுமந்துகொண்டு நடந்தோம், வேட்டி, சேலை, தேங்காய், பழம், கல்கண்டு, ஒரு குத்துவிளக்கு. எங்கள் வகையறாவில் பெண்ணைப் பெற்றவன் தட்டு உள்ளே போகாமல் பால் பொங்கக் கூடாது. வாசலில் நின்றேன். தனபால் என்னைப் பார்த்துத்தான் வந்தான், சிரித்த முகமாகத்தான் வந்தான், நான் தட்டை நீட்டுகிறேன், என் தோளைத் தாண்டிப் போகிறான், பின்னால் அவன் வேலை பார்க்கிற பட்டறை முதலாளியின் கார். "வாங்க சார், வாங்க, வாங்க." மூன்று வாங்க. மேளக்காரன்கூட அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டான். முதலாளியை உள்ளே கூட்டிக்கொண்டு போனான், உள்ளே பால் பொங்கிவிட்டது, பெண்கள் குலவையிட்டது எனக்கே கேட்டது, மில் சத்தத்தில் இடது காது செத்து வலது காது அரை உயிராக இருக்கிற எனக்கே கேட்டது. தட்டை வாசலில் கிடந்த மணல் குவியல்மேல் வைத்துவிட்டுத் திரும்பி நடந்தேன். சரசா அழுதுகொண்டே பின்னால் வந்தாள். அப்புறம் சுகந்தி போன் போட்டாள், போனில் எனக்குச் சரியாகக் கேட்காது, கேட்டாலும் நான் ஒன்றைத்தான் சொன்னேன், அவன் வந்து கூப்பிடட்டும். அவள் அம்மாவிடம் பேசும்போதெல்லாம் குறுக்கே போய் அதையே சொன்னேன். சின்ன விஷயம், விடுங்க என்பார்கள் எல்லோரும். சின்ன விஷயம்தான், ஒரு சொல், அந்தச் சின்னதைச் செய்யாதவனைப் பற்றி யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள், கேட்கிறவன்தான் வீம்பு பிடித்தவன். மேடையில் பேனர் கட்டியிருக்கிறார்கள். மூன்றாம் வகுப்போடு நின்றவன், எழுத்துக் கூட்டித்தான் படிக்க வேண்டும். 'விழிப்புணர்வு' என்பது தெரிகிறது, அது எனக்குத் தெரிந்த சொல், டெங்குக் காய்ச்சலுக்கு எங்கள் தெருவில் அதே சொல்லைக் கட்டி நிலவேம்புக் கசாயம் கொடுத்தார்கள். அதற்கு முன்னால் 'குடும்ப' என்று இருக்கிறது, அப்புறம் பெரிய சொல்லாக ஒன்று, அதன்மேல் மாலை தொங்குகிறது. குடும்பக் கட்டுப்பாடாக இருக்கும். கசாயம் எதையும் காணோம். முடியைக் கட்டையாக வெட்டின ஒரு பெண் மைக்கைப் பிடித்து என்னமோ பேசுகிறாள், சென்னைக்காரி போல, மகளிர் குழுப் பெண்களுக்கு அவள்தான் ஆட்டம் சொல்லிக் கொடுத்தாளாம். உதடு வேகமாக அசைகிறது, ஒன்றும் பிடிபடவில்லை. போகட்டும். எனக்குக் கேட்க வேண்டிய சொல் மேடையிலிருந்து வரப் போவதில்லை.

பறை அடிக்கிறார்கள். காதில் விழுவதற்கு முன்னால் நாற்காலிக் காலில் ஏறி முதுகெலும்பில் வருகிறது, மில்லில் நூல் நூற்கிற ரிங் ஃப்ரேம் ஓடும்போது தரை அதிருமே அது போல, எனக்குப் பழகின அதிர்வு, பிடித்திருக்கிறது. பெண்கள் வட்டமாக வருகிறார்கள், எல்லோருக்கும் ஒரே பச்சைச் சேலை, கும்மிதான், சரசா சொன்னது சரி. குனிந்து ஒரு தட்டு, நிமிர்ந்து ஒரு தட்டு. மாரியம்மன் நோன்பில் சுகந்தி சின்னப் பிள்ளையாகப் பாவாடை தடுக்கத் தடுக்க ஆடுவாள், எப்போதும் ஒரு தட்டு பிந்தித்தான் வரும், சுற்றி நிற்பவர்கள் சிரிப்பார்கள், அவளும் சிரிப்பாள். இந்த வட்டத்தில் அவளைக் காணோம். தேடுகிறேன். தையல் கடை வைத்திருக்கிற அந்த உயரமான பெண் இருக்கிறாள், இன்னும் யார் யாரோ. அப்புறம் வட்டம் பிளந்து நடுவில் ஒரு ஆம்பளை வருகிறான், லுங்கியும் முழுக்கைச் சட்டையும், தோளில் துண்டு. கூட்டம் சிரிக்கிறது. பின்னால் யாரோ விசிலடிக்கிறான் போல, எல்லோரும் திரும்பிப் பார்க்கிறார்கள். அது ஆம்பளையில்லை. சுகந்தி. மீசைகூட வரையவில்லை, ஆனால் நடையில் ஆம்பளை, தோளைக் கொஞ்சம் பின்னுக்குத் தள்ளி, முழங்கையை உடம்போடு ஒட்டாமல். இளைத்திருக்கிறாள். கழுத்தெலும்பு தெரிகிறது. சரசா ஒருநாள் அவளுக்குக் கை சுகமில்லை என்றாள், கிரைண்டர் மூடி விழுந்துவிட்டதாம், விரலில் கட்டுப் போட்டிருக்கிறாள், ஒரு எட்டுப் போய்ப் பார்க்கலாமுங்க என்றாள். அவன் வந்து கூப்பிட்டால் போகலாம் என்றேன். சரிதான், அதில் என்ன தப்பு. கிரைண்டர் மூடி எல்லோர் வீட்டிலும் விழுகிறது. இப்போது சுகந்தி செருப்பைக் கழற்றுகிறாள், ஒன்றை ஒட்டி ஒன்றாக நேராக வைக்கிறாள், வட்டத்தில் இருக்கிற தையல்கடைப் பெண், அவள்தான் பெண்டாட்டி போல, அவள் மட்டும் ஆடுவதை நிறுத்திக்கொண்டு அந்தச் செருப்பையே பார்க்கிறாள். சுகந்தி ஜன்னல் சாத்துவது போலக் கையை இழுக்கிறாள். ஒன்று. அப்புறம் இன்னொன்று. கொக்கி போடுகிறாள். ஒருவன் தன் வீட்டில் ஜன்னல் சாத்துவதில் என்ன இருக்கிறது, கொசு வரும், இருந்தாலும் நாற்காலி நுனிக்கு நகர்ந்து உட்காருகிறேன். பெண்கள் பக்கம் சிரிப்பு நின்றுவிட்டது. சுகந்தி இடது கையை முன்னால் கொண்டுவருகிறாள், மணிக்கட்டைத் திருப்புகிறாள், வாட்ச்சைக் கழற்றுகிறாள். வாட்ச் இல்லை, வெறுங்கைதான், ஆனால் எனக்கு வாட்ச் தெரிகிறது. துண்டை எடுத்து நாலாக மடிக்கிறாள், மடித்ததன்மேல் வாட்ச்சை வைக்கிறாள், முகம் மேலே பார்க்கும்படி திருப்பி வைக்கிறாள், ஒருதரம் துடைத்துவிடுகிறாள். அப்புறம்தான் சட்டைக் கையை மடிக்கிறாள்.

அந்த வாட்ச்சை நான் வாங்கினேன். ஒப்பணக்கார வீதியில் கடை கடையாக அவனோடு ஏறி இறங்கி அவனுக்குப் பிடித்த மஞ்சள் செயினே வேண்டுமென்று வாங்கி மாப்பிள்ளைக் கையில் நானே கட்டினேன். கல்யாணத்துக்கு அப்புறம் விருந்துக்கு வந்தபோது கை கழுவப் போகுமுன் கழற்றினான், கைக்குட்டையை நாலாக மடித்தான், அதன்மேல் வைத்தான், முகம் மேலே, ஒருதரம் துடைத்தான். கொடுத்த பொருளை மதிக்கிறவன் என்று சரசாவிடம் சொன்னேன். வீதியில் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொன்னேன். பெண்கள் குனிந்து நிமிர்ந்து தட்டுகிறார்கள், ஆனால் இது கும்மித் தட்டு இல்லை, சுகந்தி வட்டத்துக்கு நடுவே கையை வீசுகிறாள், வீசும்போது சுற்றி இருப்பவர்கள் ஒன்றாகக் கை தட்டுகிறார்கள், தையல்கடைப் பெண்ணின் தலை அந்தப் பக்கம் திரும்புகிறது. தொடவே இல்லை. நடுவில் அவ்வளவு இடைவெளி இருக்கிறது. ஒரு வீச்சு, எல்லோரும் ஒரு தட்டு, அந்தப் பெண் சுழல்கிறாள். இன்னொரு வீச்சு. ஒவ்வொரு தட்டும் தரை வழியாக என் முதுகில் வந்து விழுகிறது. வாட்ச் உடைந்துவிடக் கூடாது. அதற்காகத்தான் கழற்றியிருக்கிறான். மாமனார் கொடுத்த வாட்ச். நான் தனபாலைப் பார்க்கிறேன், எத்தனை நாளைக்கு அப்புறம் அவன் முகத்தை நேராகப் பார்க்கிறேன், அவன் மேடையைத்தான் பார்க்கிறான், முகத்தில் சிரிப்பு அப்படியே இருக்கிறது, துவைத்துக் காயப்போட்ட துணி போல, ஆனால் அவன் வலது கை போய் இடது மணிக்கட்டை மூடிக்கொண்டிருக்கிறது. இது வேறு யாருடைய வீடாகவாவது இருக்கும். அந்தச் சென்னைக்காரி சொல்லிக் கொடுத்திருப்பாள். எல்லா ஆம்பளையும் வாட்ச் கழற்றுவான். நான் கழற்றியிருக்கிறேனா, என்னிடம் வாட்ச்சே இருந்ததில்லை, மில் சங்கு ஊதும். இல்லை, சென்னைக்காரிக்குத் துண்டை நாலாக மடிப்பது எப்படித் தெரியும். முன்னால் உட்காரச் சொன்னாள். அப்பனைக் கண்டிப்பாக முன்னால் உட்காரச் சொன்னாள். அப்பனுக்குப் போனில் சொன்னால் கேட்காது, அம்மாவிடம் சொன்னால் குறுக்கே வந்து அவன் கூப்பிடட்டும் என்பான், எழுதினால் எழுத்துக் கூட்டிக்கொண்டிருப்பான், காது செத்த மனுஷனுக்குக் கண் இருக்கிறதல்லவா என்று நினைத்திருக்கிறாள். இது எனக்கு. இத்தனை பேரும் பார்க்கிற இந்த ஆட்டம் எனக்காக. சமாதானத்துக்கு என்று நினைத்துப் பழம் வாங்கிக்கொண்டு வந்து உட்கார்ந்திருக்கிறேன். நான் அந்த வீட்டு வாசப்படி மிதித்திருந்தால் ஜன்னல் சாத்தியிருப்பதைப் பார்த்திருப்பேன், வீங்கின விரலைப் பார்த்திருப்பேன், இல்லை, நான் ஏன் போகவில்லை, அவன் கூப்பிடாததால் போகவில்லை. கூப்பிடாதது எதற்கு என்று இப்போது நினைத்துப் பார்க்கிறேன். வாசலில் வைத்து அவமானப்படுத்தினால் இந்தக் கிழவன் திரும்ப வரமாட்டான் என்று அன்றைக்கே தெரிந்து செய்தானா, இல்லை முதலாளியைப் பார்த்த அவசரத்தில் செய்து, அப்புறம் இதுவும் நல்லதாகப் போயிற்று என்று விட்டுவிட்டானா. ரோஷக்காரன், இழுக்காமலே விலகிப் போவான். என் ரோஷத்தை எடுத்து அவன் வீட்டுக் கதவுக்குத் தாழ்ப்பாளாகப் போட்டுக்கொண்டிருக்கிறான். தையல்கடைப் பெண் தரையில் கிடக்கிறாள். சுகந்தி சட்டைக் கையை இறக்கிவிடுகிறாள், வாட்ச்சை எடுத்துக் கட்டுகிறாள், தலை நிமிர்ந்து முன் வரிசையில் சுவரோரம் பார்க்கிறாள். எனக்குத் தலையசைக்கத் தோன்றவில்லை. பார்த்துக்கொண்டே இருந்தேன், அவ்வளவுதான், கல்லு மாதிரி.

கை தட்டுகிறார்கள். எழுந்து நிற்கிறார்கள். காலனிச் சங்கத் தலைவர் மாரப்பன் மைக்கைப் பிடித்து, அவர் குரல் மட்டும் எனக்கு நன்றாகக் கேட்கும், கத்தித்தான் பேசுவார், "நல்ல நிகழ்ச்சி, அருமையான நிகழ்ச்சி. நம்ம காலனியில இந்த மாதிரிப் பிரச்சினை ஒண்ணுமில்ல, இருந்தாலும் தெரிஞ்சு வெச்சுக்கறது நல்லது" என்கிறார். பெண்கள் பக்கம் யாரோ சிரித்தார்கள், நல்ல சிரிப்பில்லை. எழுந்து மேடைக்குப் பின்னால் போக வேண்டும், போய் என்ன கேட்பது, எத்தனை நாளாக என்றா, ஏன் சொல்லவில்லை என்றா, சொல்லிக்கொண்டேதான் இருந்திருக்கிறாள். சுவரைப் பிடித்து எழுந்து நிற்கிறேன், எதிரே தனபால் நிற்கிறான். குனிந்து, இரண்டு கையாலும் என் கையைப் பிடித்துக்கொண்டு, வலது காதுப் பக்கம் வாயைக் கொண்டுவந்து, எந்தக் காது கேட்கும் என்று மறக்கவில்லை, "வாங்க மாமா" என்கிறான். வாங்க மாமா. "நல்லாருக்கீங்ளா? அன்னிக்கு உங்களக் கூப்புடாம உட்டது எந் தப்புத்தானுங். இத்தன பேரு முன்னால சொல்றேன். வாங்க, ஊட்டுக்குப் போலாம். சுகந்தியும் வந்துருவா, சேந்தே போலாம்." கை சூடாக இருக்கிறது, வேர்வை. நான் பட்டினி கிடந்து காத்துக்கொண்டிருந்த சொல், வார்த்தைக்கு வார்த்தை நான் மனசுக்குள் எழுதி வைத்திருந்தது போலவே சொல்கிறான், இத்தனை பேர் முன்னால் என்பதுகூட நான் எழுதி வைத்ததுதான். அந்தச் சொல் உள்ளே போன இடத்தில் ஒரு நிமிஷம் குளிர்ந்தது, பொய் சொல்ல மாட்டேன், குளிர்ந்தது. "பொம்பளைங்க என்னமோ வெளையாட்டுக்கு ஆடறாங்க, நீங்க மனசுல வெச்சுக்காதீங்க" என்று சேர்த்துச் சொல்கிறான். மாரப்பன் மைக்கை விட்டுவிட்டு இறங்கி வருகிறார். "அட, மாமனும் மாப்பிள்ளையும் ராசியாயிட்டாங்களா! பாத்தீங்களா, நாடகம் போட்ட கையோட பலிச்சிருச்சு!" சுற்றி நிற்பவர்கள் அதற்கும் கை தட்டுகிறார்கள். தனபால் கையை விடாமல் எல்லோரையும் பார்த்துச் சிரிக்கிறான். நான் இங்கே தலையாட்டினால் போதும், ஊர் முன்னால் நல்ல மாப்பிள்ளை, நாளைக்கு அவள் எதைச் சொன்னாலும் உங்கப்பனே வந்து சாப்பிட்டுவிட்டுப் போனாரே என்பார்கள். மேடைப் பக்கத்துக் கதவைத் திறந்துகொண்டு சுகந்தி வந்தாள். சேலைக்கு மாறியிருந்தாள், கையில் ஒரு பெரிய பை, ஆட்டத்துக்குக் கொண்டுவந்த லுங்கிக்கும் சட்டைக்கும் அவ்வளவு பெரிய பை வேண்டாம், ஊருக்குப் போகிறவர்கள் தூக்குகிற பை, ஜிப்பு மூடாமல் துணி பிதுங்குகிறது. அவளுக்குப் பின்னால் அந்தச் சென்னைக்காரி. சுகந்தி என்னைத் தேடித்தான் வந்தாள். பார்த்தாள். என் முகத்தை இல்லை, கைகளைப் பார்த்தாள், அவன் கைக்குள் இருக்கிற என் கையை. சுற்றி நின்று சிரிக்கிற ஆட்களைப் பார்த்தாள். முகத்தில் ஒன்றும் மாறவில்லை, அதுதான் எனக்குப் பயமாக இருந்தது, இதைத்தான் எதிர்பார்த்தேன் என்பது போல ஒரு முகம். பையை வலது கையிலிருந்து இடது கைக்கு மாற்றிக்கொண்டாள், என்னைத் தாண்டி, அவன் பைக் நிற்கிற வாசல் பக்கம் நடக்க ஆரம்பித்தாள், அவனோடு அந்த வீட்டுக்கே திரும்பிப் போகிறவள் போல. அந்தப் பக்கம் சரசா எழுந்து நின்று முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். கண்ணு என்று கூப்பிட வேண்டும், நில்லு என்று சொல்ல வேண்டும், அன்பாகப் பேசி எத்தனையோ நாளாகிறது, அந்தச் சொல் எதுவும் வரவில்லை. என்னிடம் இருந்தது ஒன்றே ஒன்று, ரோஷம், அதை யாரும் என்னிடமிருந்து பிடுங்கவில்லை, நான்தான் இத்தனை காலமாகச் சோறு போட்டு வளர்த்தேன். "நான் ராசியாகலை" என்றேன். எவ்வளவு சத்தமாகச் சொன்னேன் என்று தெரியவில்லை, மாரப்பன் பின்னால் ஒரு எட்டு வைத்தார். "நான் இவங்கூட ராசியாகலை. ஆகவும் மாட்டேன். எம் புள்ள எங்கூட வர்றா." கை தட்டிக்கொண்டிருந்தவர்களின் கை பாதியில் நின்றது. சுகந்தி வாசலில் நின்றாள். திரும்பவில்லை. பையைக் கீழே வைத்தாள், அங்கேயே நின்றாள். நான் கையை உருவுகிறேன், அவன் இன்னும் சிரித்துக்கொண்டே விடாமல் பிடித்திருக்கிறான்.